தலை மட்டும் எஞ்சிய கதை: தகப்பனின் மொழி குறித்துச் சில குறிப்புகள்

1

படவேடு ரேணுகாம்பாள் கோயில் கருவறையில் வணங்கப்படுவது தலை. ஆடி வெள்ளிகளில் ஆரணி, போளூர், வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்து மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிற ஜனங்கள் அந்தத் தலையைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். ஜமதக்னி முனிவர் வேள்வி செய்த இடம் என்று சொல்லி, மண்ணிலிருந்து எடுத்த திருநீற்றைத் தருகிறார்கள். இந்தப் பக்கத்தில் ஓடுகிற கமண்டல நதி அந்த முனிவரின் கமண்டலத்திலிருந்து பிறந்தது என்பது ஊர்ப் பேச்சு. ஆக மண்ணும் நீரும் ஒரு தகப்பன் பெயரைச் சொல்கின்றன. கோயில், அவன் வெட்டச் சொன்ன பெண்ணின் பெயரைச் சொல்கிறது.

போன ஆடியில் என் மகனைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருந்தேன். அவனுக்கு ஆறு வயது. வேலூரில் அம்மாவோடு பத்து மாதம் இருந்துவிட்டு என்னிடம் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நானும் அவன் அம்மாவும் பிரிந்து வாழ்கிறவர்கள். பிள்ளையை இருவரும் சேர்ந்து வளர்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். அவளுக்கு வேலையில் ஒரு பயிற்சி வந்ததால் இந்தப் பள்ளி ஆண்டு என் முறை. வரிசையில் நிற்கும்போது கேட்டான்: "தல மட்டும் ஏம்ப்பா கீது? ஒடம்பு எங்க?"

கதையைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. பச்சை மண்ணில் குடம் வனைந்து ஆற்றில் நீர் முகந்து வருகிறவள் ரேணுகை. ஒருநாள் அவள் மனசு ஒரு கணம் அசைந்துவிடுகிறது, குடம் கரைந்துபோகிறது. புருஷன் மகனைக் கூப்பிட்டுத் தாயை வெட்டச் சொல்கிறான். மகன் வெட்டுகிறான். கேட்டு முடித்துவிட்டுப் பிள்ளை கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அந்த அப்பா ஏன் அப்டி சொன்னாரு?" என்றான்.

ஏன் வெட்டினான் என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அம்மா என்ன தப்பு செய்தாள் என்று கேட்டிருந்தாலும் பதில் வைத்திருந்தேன். அவன் கேட்டது அப்பாவைப் பற்றி. எம்.ஏ.வில் படித்த தமிழ் அந்த இடத்தில் கைகொடுக்கவில்லை. ஏன் கைகொடுக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். தகப்பனைப் பற்றி நம் பிரதிகள் நிறையப் பேசியிருக்கின்றன. பிள்ளையோடு இருக்கிற தகப்பன் என்ன பேசுவான் என்பதற்கு அவற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

2

ரேணுகை கதையின் மகாபாரத வடிவம் வனபர்வத்தில் வருகிறது. அதில் நாம் பெரும்பாலும் தாண்டிப்போகிற ஒரு விவரம் உண்டு. சம்பவம் நடக்கும்போது பிள்ளைகள் யாரும் வீட்டில் இல்லை. ஐந்து பேரும் காட்டில் பழம் பொறுக்கப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வருகிறார்கள். வந்து நிற்கிற ஒவ்வொருவனிடமும் தகப்பன் அதே கட்டளையைச் சொல்கிறான். முதல் நால்வர் திகைத்து நிற்கிறார்கள். அவர்கள் மிருகங்களைப் போலவும் பறவைகளைப் போலவும் அறிவிழந்து போகும்படி சபிக்கப்படுகிறார்கள். கடைசியாக வருகிறவன் பரசுராமன். அவன் கோடரியை எடுக்கிறான்.

வீடு திரும்பும் பிள்ளையிடம் தகப்பன் சொல்லும் முதல் வார்த்தை "உன் அம்மாவை வெட்டு" என்பது. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை, கால் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு இடையே இருக்கிற ஒரு விவகாரத்தில் பிள்ளையின் கை ஆயுதமாக்கப்படுகிறது. பதிவிரதைத்தனம், பிதுர்வாக்கிய பரிபாலனம் என்றெல்லாம் வியாக்கியானம் செய்து இந்தச் சாதாரண உண்மையை நாம் மூடிவைத்திருக்கிறோம். அவன் தவசி. கொல்லும் வல்லமை அவன் சாபத்துக்கே உண்டு. பிற்பாடு அவன் மகனுக்குத் தருகிற வரத்தில் அந்த வல்லமை தெரியவும் செய்கிறது. அப்படிப்பட்டவன் தானே செய்யக்கூடியதை ஏன் மகனிடம் கொடுக்கிறான்? பிள்ளை யார் பக்கம் என்பது அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது.

பக்கம் சேர மறுத்த நாலு பிள்ளைகளுக்கும் பேச்சு போய்விடுகிறது என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பெற்றோர் சண்டைக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்சிழப்பைப் புராணம் என்று ஒதுக்க மனம் வராது. அந்த வீட்டில் நடந்ததை இந்த வீட்டில் சொல்லாமல், இந்த வீட்டில் நடந்ததை அந்த வீட்டில் சொல்லாமல், இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒரு மௌனத்தை அவர்கள் பழகிக்கொள்கிறார்கள். "ஒண்ணும் இல்லப்பா" என்பது அந்த மௌனத்தின் பேச்சு வடிவம்.

ஏ.கே. ராமானுஜன் 'இந்திய ஈடிபஸ்' பற்றிய கட்டுரையில் கிரேக்கக் கதையை இங்கே அப்படியே பொருத்திப் பார்ப்பதில் உள்ள சிக்கலைச் சுட்டியிருக்கிறார். அங்கே மகன் தகப்பனைக் கொல்கிறான். இங்கே வன்முறை தகப்பனிடமிருந்து மகனை நோக்கிப் பாய்கிறது. யயாதிக்குப் புரு தன் இளமையைத் தருகிறான், சந்தனுவுக்காக பீஷ்மன் கல்யாணத்தையே துறக்கிறான். பரசுராமன் கதை இதையும் தாண்டிப்போகிறது. அவனிடம் கேட்கப்படுவது அவனுடைய பொருள் ஒன்று அல்ல, அம்மாவோடு அவனுக்கு இருக்கிற உறவே.

வெட்டி முடித்ததும் தகப்பன் மகிழ்ந்து வரம் கேட்கச் சொல்கிறான். பரசுராமன் கேட்கிற முதல் வரம் அம்மா பிழைக்க வேண்டும். அடுத்தது, தான் கொல்லப்பட்டது அவளுக்கு நினைவில் இருக்கக் கூடாது. அண்ணன்மார் பழையபடி ஆக வேண்டும் என்றும் கேட்கிறான். எல்லாம் முன்போல் ஆகிவிட வேண்டும், நடந்தது யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது. எந்தக் குழந்தையிடம் வரம் கேட்கச் சொன்னாலும் இதைத்தான் கேட்கும். வடமொழிப் பிரதி அதை அருளிவிடுகிறது.

நம் பக்கத்து வாய்மொழி வடிவங்கள் அவ்வளவு சுலபமாக அருளிவிடவில்லை. தாயோடு சேர்ந்து வெட்டுண்ட இன்னொரு பெண்ணின் உடம்பில், அவசரத்தில், மகன் தாயின் தலையைப் பொருத்திவிடுகிறான். அந்த இன்னொருத்தி பல வடிவங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண். மேல் சாதித் தலைக்கு ஒரு பெயர், சேரி உடம்புக்கு ஒரு பெயர், தலைக்கு ஒரு வழிபாடு, உடம்புக்கு ஒரு வழிபாடு என்று சாதி இந்தக் கதைக்குள் குடியேறிய விதம் தனியாக எழுதப்பட வேண்டியது. இந்தக் கதையைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பயணி சொன்னராத் எழுதிவைத்தார். அதை வாசித்த கெத்தே 1824இல் வெளியிட்ட தன் 'பறையர்' கவிதைகளில் அந்தப் பெண்ணைப் பேசவைத்தார். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான். வாய்மொழிக் கதை மறதியை ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வந்தவள் போனவள் இல்லை என்கிறது, ஒட்டுப்போட்ட இடம் தெரியத்தான் செய்யும் என்கிறது. படவேட்டுக் கருவறை இன்னும் பிடிவாதமானது. அங்கே ஒட்டுப்போடுவதே இல்லை.

3

சரி, இது புராணம். நம் வீட்டுத் தகப்பனுக்கு வருவோம்.

லக்கான் 'தந்தையின் பெயர்' என்றொரு கருத்தாக்கத்தைச் சொல்கிறார். குழந்தை மொழிக்குள், சட்டத்துக்குள், சமூக ஒழுங்குக்குள் நுழைவது அந்தப் பெயரின் வழியாக. தமிழ்நாட்டில் இதை விளக்க அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. நமக்குத் தந்தையின் பெயர் என்பது இனிஷியல். சாதிப் பின்னொட்டை உதறிய பெருமை நமக்கு உண்டு. உதறிய பிறகு பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றது தகப்பனின் முதலெழுத்து. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கிற நாளில் அந்த எழுத்து எழுதப்படுகிறது. தகப்பன் அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாவிட்டாலும் அது அங்கே இருக்கும்.

சட்டம் இதை இன்னும் துல்லியமாகப் பிரித்துக் கொடுத்தது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய். ஆனால் ஐந்து வயது நிரம்பாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. அதாவது கையெழுத்துப் போடுகிற அதிகாரம் தகப்பனுக்கு. ராத்திரி எழுந்து ஈரத் துணி மாற்றுகிற வேலை தாய்க்கு. 'அவருக்குப் பிறகு' என்ற சொல்லை 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அசைத்தது. தகப்பன் செத்த பிறகு என்று மட்டும் அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் இல்லாத நிலையில் என்றும் கொள்ளலாம் என்றது. இல்லாமை என்பதற்கு அக்கறையில்லாமல் இருப்பதும் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது நமக்கு முக்கியம். உயிரோடு இருந்துகொண்டே ஒரு தகப்பன் இல்லாமல் இருக்க முடியும் என்பதைச் சட்டம் தன் மொழியில் ஒப்புக்கொண்ட இடம் அது எனலாம்.

2015 மே மாதத்தில் இந்தியச் சட்ட ஆணையம் தன் 257ஆவது அறிக்கையில் பிரிந்த பெற்றோர் இருவரும் பிள்ளையைச் சேர்ந்து பொறுப்பேற்கும் ஏற்பாட்டைச் சட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைத்தது. 2020இல் யஷிதா சாகு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் பொறுப்பில் பிள்ளை இருந்தாலும் மற்றவரின் அன்பு அதற்குக் கிடைக்க வேண்டும், தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பேசிக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்றது. நல்லது. ஆனால் சட்டத்தின் மொழியில் தகப்பனுக்குப் பொதுவாகக் கிடைக்கிற உரிமைக்குப் பெயர் 'பார்க்கும் உரிமை'. ஆஸ்பத்திரியிலும் ஜெயிலிலும் நாம் ஆளைப் பார்க்கப் போவோமே, அதே பார்த்தல். பார்க்கிறவன் கையில் ஏதாவது வாங்கிக்கொண்டு போகிறான்.

இந்த ஏற்பாட்டுக்குத் தமிழில் இன்னும் பெயர் நிலைக்கவில்லை. 'இணைப் பெற்றோர்' என்று சிலர் எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் என்னைப் பற்றிச் சொல்வது: "புள்ளய மாத்தி மாத்தி வெச்சிக்கிறாங்க." கேலியும் இரக்கமும் கலந்த சொற்றொடர்தான். ஆனாலும் அகராதிச் சொல்லைவிட அதில் உண்மை கூடுதல். 'வெச்சிக்கிறது' என்ற வினையில் சோறு போடுவதும் பக்கத்தில் படுக்கவைப்பதும் இருக்கின்றன.

4

இனி இலக்கியம். பழைய பிரதிகளில் தகப்பன் பாசத்துக்குப் பஞ்சமில்லை என்று யாராவது சொன்னால் அவர் முதலில் காட்டுவது புறநானூற்று 188ஆம் பாட்டாக இருக்கும். பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. குறுகுறு நடையாக வந்து, கை நீட்டி, சோற்றைத் தொட்டு, வாயில் வைத்து, துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிற பிள்ளையை இவ்வளவு அருகில் நின்று பார்த்த பாட்டு வேறு மொழிகளிலும் அபூர்வம். அதில் வினைச்சொற்கள் எல்லாம் பிள்ளையுடையவை என்பதையும் பார்க்க வேண்டும். அரசன் பார்க்கிறான், மகிழ்கிறான். அந்தச் சோற்றை வைத்தது யார், அப்பிய நெய்யைக் கழுவப்போவது யார் என்பது பாட்டுக்கு வெளியே நிற்கிறது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரத்திலும் பிள்ளை கை அளாவிய கூழ் இனிக்கிறது. கூழ் காய்ச்சியவள் இல்லை.

பார்க்காமல் கடமையை மட்டும் சொல்கிற தகப்பன் 312ஆம் பாட்டில் இருக்கிறான். பொன்முடியார் பாடியது. பெற்று வளர்த்துத் தருவது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தகப்பன் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன் என்று போகிறது அந்தப் பட்டியல். முடிகிற இடம் போர்க்களம். தகப்பனின் 'ஆக்குதல்' என்ற வேலை கொல்லனின் வேலைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜமதக்னி தன் மகனை ஆக்கியதும் ஒரு கோடரியாகத்தானே.

சரி, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற, கூப்பிட்டுச் சோறூட்டுகிற, தொட்டிலாட்டுகிற மொழி எங்கே? இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது, எழுதியவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் அதைப் பேசுகிறவள் தாய். பிள்ளைத்தமிழ் மரபின் ஊற்றான பெரியாழ்வார் யசோதையாகி நின்றுதான் கண்ணனை நீராட வரும்படி கூப்பிடுகிறார். இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கிற செய்தி ஒன்று உண்டு. மரபு சொல்கிற கதைப்படி பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் ஒரு பெண் குழந்தையைக் கண்டெடுத்து வளர்த்தவர். ஆண்டாளை வளர்த்த கதையில் பேச்சுக்கு வருகிற ஆள் அவர் ஒருவர்தான். கையில் ஒரு குழந்தை வைத்து வளர்த்த தகப்பன். மகளைத் திருமால் கொண்டுபோய்விட்டான் என்று புலம்பும்போதுகூட அவர் தாயின் குரலில்தான் புலம்புகிறார். சொந்தக் குரலில் அழ அவருக்குத் தமிழில் இடம் இல்லாமல் போயிற்றா? பக்தி மரபின் நாயகி பாவம், தாய் பாவம் என்று இதற்கு உரைகாரர்கள் வழியில் விளக்கம் சொல்லலாம்தான். அந்த விளக்கத்துக்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. ஆணின் பிள்ளைப் பாசம் பெண் வேஷம் கட்டாமல் மேடையேற முடியவில்லை. கூத்துப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும்.

குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் இரண்டு பதிகங்களை அடுத்தடுத்து வாசிக்கலாம். ஒன்பதாவது பதிகம் தசரதன் புலம்பல். இங்கே தகப்பன் தன் குரலில் பேசுகிறான், மகன் போன பிறகு, தான் சாகப்போகும்போது. ஏழாவது பதிகம் தேவகி புலம்பல். தான் பெற்ற பிள்ளையின் குழந்தைப் பருவம் முழுக்க இன்னொரு வீட்டில் நடந்துவிட்டது. பால் குடித்தது, தவழ்ந்தது, மண்ணில் விளையாடியது எதையும் தான் பார்க்கவில்லை. திரும்பி வந்த பிள்ளையின் முன்னால் நின்று அந்த இழப்பை அவள் எண்ணி எண்ணிச் சொல்கிறாள். அதற்கு நடுவில் ஓரிடத்தில் வசுதேவனும் வருகிறான். உன் அப்பன் யார் என்று கேட்டால் பிள்ளை விரலாலும் கடைக்கண்ணாலும் காட்டுவதைப் பார்க்கும் பாக்கியம் நந்தனுக்குக் கிடைத்தது, வசுதேவனுக்குக் கிடைக்கவில்லை என்கிறாள் தேவகி. தவறவிட்ட பருவத்துக்காகத் தகப்பனுக்கும் ஒரு துக்கம் உண்டு என்று தமிழ் சொன்ன அரிய இடம் இது. அந்தத் துக்கத்தையும் தாய்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வசுதேவன் வாய் திறக்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் கோவலன் மகளுக்குப் பெயர் வைக்கிறான், குலதெய்வத்தின் பெயரை. விழா எடுக்கிறான். பிறகு மதுரைக்குப் போய்விடுகிறான். பெயரைக் கொடுத்தவன் இல்லாமலேயே மணிமேகலை ஒரு காப்பியம் முழுவதும் வாழ்ந்துவிடுகிறாள்.

5

பிரிந்த தகப்பனும் பிள்ளையும் சேர்கிற கதைகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. துஷ்யந்தன் சிங்கக்குட்டியோடு விளையாடுகிற சிறுவனைக் காண்கிறான். ராமன் தன் கதையையே பாடுகிற லவகுசர்களைக் கேட்கிறான். இவையெல்லாம் அடையாளம் காணும் கதைகள். இவன் என் ரத்தம் என்று தெரிந்துகொண்ட கணத்தில் கதையாடல் நிறைவு பெற்றுவிடுகிறது. வம்சம் தொடரும், அரியணைக்கு ஆள் வந்தாயிற்று. மறுநாள் காலை இந்தக் கதைகளில் விடிவதில்லை. மறுநாள் காலையில் பரதன் அப்பாவோடு சாப்பிட உட்கார்ந்தானா, அம்மா எங்கே என்று தேடினானா என்பதைக் காளிதாசன் எழுதவில்லை.

எனக்குத் தெரிந்தவரை தமிழில் அந்த மறுநாள் காலையிலிருந்து தொடங்குகிற படைப்பு ராமின் 'பேரன்பு' (2019). வெளிநாட்டில் பல வருஷம் டிரைவர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற அமுதவன், மனைவி போய்விட்ட வீட்டில், மூளை முடக்குவாதம் உள்ள மகள் பாப்பாவோடு தனியாக நிற்கிறான். அவளுக்கு அவன் அந்நியன். அவளைச் சிரிக்கவைக்க அவன் படாத பாடு படுகிறான், ஆடுகிறான், கோணங்கி செய்கிறான். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. மம்முட்டி அந்தக் காட்சிகளில் தன் நட்சத்திர உடம்பை மொத்தமாகக் கழற்றி வைத்துவிட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கிறார். தகப்பன் என்ற ஸ்தானம் இங்கே ரத்தத்தால் கிடைப்பதில்லை. ஒரு குழந்தையின் உடம்பை, அதன் நேரத்தை, அதன் மறுப்பைப் படித்துப் படித்து மெதுவாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் மீது எனக்கு ஒரு சண்டை உண்டு. தகப்பன் தகப்பனாவதற்குத் தாயைக் கதையிலிருந்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. அவள் பத்து வருஷம் தனியாகச் சுமந்தாள் என்பது வசனத்தில் வருகிறது. காட்சிகளின் கனம் முழுக்க அவன் தோளில்தான். தலையை வைத்துக்கொண்டு உடம்பை அனுப்பிவிடுகிற பழைய தந்திரம் நல்ல படைப்பிலும் வேறு வழியில் உள்ளே வந்துவிடுகிறது.

இதே சந்தேகத்தை என் மேலும் வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது, "பாவம், தனியா எல்லாத்தையும் பாக்கிறாரு" என்று பெண்கள் சொல்கிறார்கள். பத்து மாதம் இதே வேலையை வேலூரில் செய்தவளுக்கு இந்தப் 'பாவம்' கிடைத்திருக்காது. அவளுக்குக் கிடைத்தது வேறு பேச்சு. இந்தக் கட்டுரையேகூட அந்தப் பாராட்டின் நீட்சியாகிவிடக்கூடும் என்பதை வாசகர் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்த மூன்று வாரத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவனுக்குப் பிடிக்கும் என்று சேமியா கிண்டி வைத்தேன். "இப்பல்லாம் நான் அது சாப்பிட மாட்டம்ப்பா" என்றான். எடுத்து வைத்திருந்த செருப்பு காலுக்குச் சேரவில்லை. ஷூ லேஸ் கட்டக் குனிந்தேன், அவனே கட்டிக்கொண்டான். யார் சொல்லிக்கொடுத்தது, எப்போது கற்றுக்கொண்டான் என்று எனக்குத் தெரியாது. தட்டில் ஏதாவது வைத்தால் "தேங்க்ஸ்ப்பா" என்றான். அந்தத் 'தேங்க்ஸ்' நல்ல பழக்கம்தான், நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள். ஆனால் சொந்த வீட்டில் யாரும் சோற்றுக்கு நன்றி சொல்வதில்லை. "ஊருக்கு எப்பப்பா போலாம்?" என்று ஒருநாள் கேட்டான். நான் பிறந்த ஊரில், என் தகப்பன் தறி போட்டிருந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்டான். அவனுக்கு ஊர் என்பது அம்மா இருக்கிற இடம்.

மூன்றாவது வாரத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எந்தக் கேள்வி என்று பிரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே வீட்டுக்கு யார் யார் வருவார்கள், அம்மா என்னைப் பற்றி என்ன சொல்வாள் என்று சாதாரணமாகப் பேசுகிற மாதிரி, தலை துவட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன். அவன் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்லப்பா" என்றான். அந்த வார ஆடி வெள்ளியில்தான் படவேட்டுக்குப் போனோம்.

6

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவுக் குடும்பங்களில் தகப்பன் வெளியே வேலைக்குப் போகிறவன் இல்லை. குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்தான் என்றால் பொழுது சாய்கிற வரை அங்கேதான். பிள்ளைகள் தறியைச் சுற்றியே வளர்ந்தன. இதை வைத்துத் தகப்பன் பாசத்தின் பொற்காலம் ஒன்றைக் கட்டிவிடத் தேவையில்லை. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவன் ஒருவனால் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுத் தர இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் பிள்ளையின் கை. சொந்தப் பிள்ளை இல்லாவிட்டால் முன்பணம் கொடுத்து எடுத்த பிள்ளை. காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் கடனுக்கு ஈடாகக் குழந்தைகள் வேலை செய்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் விரிவாகப் பதிவு செய்தது. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவலாம் என்ற வாசல் திறந்தே வைக்கப்பட்டது. சான்றோன் ஆக்குகிற தகப்பன் தறியில் வேலைக்காரனை ஆக்கினான். பிள்ளையின் கை மறுபடியும் பெரியவர்களின் காரியத்துக்குக் கருவியாயிற்று.

இருந்தும் கோர்வை என்ற வேலையின் நுட்பம் எனக்கு இப்போது வேறு விதமாகத் தெரிகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு ஊடையும் சேர்கிற இடத்தில் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். அந்த ஒட்டை யாரும் மறைப்பதில்லை. மறைக்க வேண்டியதும் இல்லை, சேலைக்கு அழகே அதுதான். உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள் நெசவாளிகள். பக்கம் பக்கமாக இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் நிறத்தை இன்னொருவர் நிறத்தில் கலக்காமல், ஆனால் ஒவ்வொரு இழையிலும் காத்திருந்து வாங்கிக் கொடுத்து நெய்ய வேண்டும். பிரிந்த இரண்டு பேர் ஒரு பிள்ளையை வளர்ப்பதற்கு இதைவிட நல்ல உருவகம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு நிபந்தனையோடு: பிள்ளை அதில் சேலை. தறிக்குப் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்ட இன்னொரு கை அவன் இல்லை.

பரசுராமனின் வரம், எல்லாம் பழையபடி ஆகிவிடுவது, நடைமுறையில் கிடைக்காது. பத்து மாதம் அவன் வேறு நிறத்தில் நெய்யப்பட்டிருக்கிறான். அந்தப் பத்து மாதத்தை விசாரித்து வாங்கிவிட முடியும் என்று தகப்பன் நினைக்கிற இடத்தில்தான் கோடரி கை மாறுகிறது. தேவகியைப் போலத் தவறவிட்டதைத் தவறவிட்டது என்று வாய்விட்டுச் சொல்வது மரியாதை. அதைத் தகப்பன் குரலில் சொல்லத் தமிழில் வாக்கியங்கள் போதவில்லை. கவிதையில் இல்லை, கதையில் மிகக் கொஞ்சம். பெண்கள் தங்கள் உடம்பை, சமையலறையை, பிள்ளைப்பேற்றை எழுதித் தமிழ் உரைநடையை இடம்பெயர்த்துவிட்டார்கள். ஆண்கள் இன்னும் பிள்ளைகளுக்கு அறிவுரைக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். பிள்ளை சாப்பிடாமல் ஒதுக்கிவைத்த சேமியாவைப் பற்றி ஒரு நல்ல சிறுகதை நமக்கு வேண்டும், யாசகமாகவே கேட்கிறேன்.

வரிசையில் அவன் கேட்ட கேள்விக்கு நான் கடைசியில் சொன்னது இவ்வளவுதான்: "அவரு அப்டி சொல்லிருக்கக் கூடாதுடா. கோவம் அவருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவுல. புள்ளைகிட்டக் கேட்டது தப்பு."

கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகு, "சாரி சொன்னாரா?" என்றான்.

கதையில் அப்படி இல்லை என்றேன். வெளியே வந்து தேர் நிறுத்தியிருந்த பக்கமாக நிழலில் உட்கார்ந்தோம். அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டு, பேசி முடிக்கிற வரை நான் எழுந்து போய்த் தள்ளி நின்றேன்.